பார்த்தாச்சு மாமா தேநீர் குடித்த கதை

மனிதர்களில் 'பார்த்தாச்சு மாமா' என்று ஒரு ரகம் உண்டு. அத்தைகளிலும் அண்ணன்களிலும் இல்லாமல் இல்லை, ஆனால் மாமாக்களிடம்தான் இந்த ரகம் நன்றாக உரம் போட்டது போலச் செழித்து வளர்கிறது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும், கிளம்புவதற்கு முன்பே அந்த ஊரைப் பார்த்து முடித்துவிடுகிறவர் இவர். ட்ரோனில் பறந்து எடுத்தவனின் வீடியோ, அதே இடத்தில் கால் வழுக்கி விழுந்தவனின் வீடியோ, 'தயவுசெய்து இங்கே வந்து ஏமாறாதீர்கள்' என்று கண்ணீர் விட்டவளின் வீடியோ என்று ஒன்று விடாமல் பார்த்து, ஓட்டல் என்றால் அதன் சமையலறை வரைக்கும், மலை என்றால் அதன் கழிப்பறை வரைக்கும் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் டிக்கெட் எடுப்பார். எல்லாம் பார்த்தாகிவிட்டதே, டிக்கெட் எதற்கு? சரிபார்க்கத்தான்.

பார்சிப்பனி பாலசுப்ரமணியன் இந்த ரகத்தில் முதல் தரம். பார்சிப்பனி அமெரிக்காவில் அவர் குடியிருக்கும் ஊர், அங்கே மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. நயாகராவுக்குப் போனபோது, இன்னும் பத்து நிமிஷத்தில் அருவி வந்துவிடும் என்ற இடத்தில், பக்கத்து சீட்டில் இருந்த மனைவி காமாக்ஷியின் மூக்குக்கு நேரே போனை நீட்டி, "இதோ பார், இப்படித்தான் இருக்கும்" என்று அருவியைக் காட்டினார். கிராண்ட் கான்யன் விளிம்பில் நின்று, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போயிருந்தபோது, "வீடியோல இன்னும் கொஞ்சம் சிவப்பா இருந்தது" என்றார். சினிமாவுக்குப் போனால், "பயப்படாதே, அவன் சாக மாட்டான்" என்று இடைவேளைக்கு முன்பே அபயம் கொடுத்துவிடுவார். இதையெல்லாமாவது மன்னிக்கலாம். காமாக்ஷிக்குப் பித்தப்பையை எடுக்க ஆபரேஷன் வைத்திருந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எந்த இடத்தில் எத்தனை ஓட்டை போடுவார்கள் என்பதை இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தன் வயிற்றிலேயே தொட்டுக் காட்டினாரே, அதை என்ன சொல்வது?

இத்தனைக்கும் மனுஷர் கெட்டவர் இல்லை. மனைவி எதையும் பார்த்துத் திடுக்கிட்டுவிடக் கூடாது என்ற பிரியம்தான் அவருக்கு. அந்தப் பிரியத்தால் காமாக்ஷி கல்யாணமான நாளிலிருந்து ஒன்றைக்கூடத் தானாக, முதல் தடவையாகப் பார்த்ததே இல்லை.

இந்த வருஷம் அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள். கலிபோர்னியா டப்ளினில் இருக்கும் மகள் அதிதி போனில் கேட்டாள், என்ன வேண்டும் என்று.

"எனக்கு நகையும் வேண்டாம், புடவையும் வேண்டாம்டி. ஏதாவது ஒண்ணை நானா பார்க்கணும். அது என்னன்னு அப்பா எனக்கு முன்னாடியே சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"ஓகே அம்மா. லீவ் இட் டு மீ."

அதிதி யோசித்து ஏற்பாடு செய்ததுதான் ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு. சான் ஹோசேயில் ஓர் அம்மாள் தன் வீட்டுத் தோட்டத்தில் அதற்கென்றே ஓர் அறை கட்டி வைத்திருக்கிறார். போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு முடியாது, அவரவர் கிண்ணத்தை அவரவரே கலக்கிக் குடிக்கவும் கற்றுக்கொடுப்பார். காமாக்ஷிக்கு அதைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஏன்னா, இதைப் பத்தி நீங்க ஒரு வீடியோ பார்க்கப்படாது. பார்த்தேள்னு தெரிஞ்சுது, மறுநாள் யோசெமிட்டிக்கு நானும் அதிதியும் மட்டும் போவோம். நீங்க ஆத்துல உட்கார்ந்து வீடியோலயே பார்த்துக்கோங்கோ."

யோசெமிட்டி! அந்த மலைகளுக்காக மாமா வருஷக்கணக்கில் தவம் கிடந்தவர். எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"சே, நான் ஏன் பார்க்கப் போறேன்? ப்ராமிஸ்" என்றார்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். டப்ளினுக்கு வந்து இறங்கும் வரை. அங்கே மகள் வீட்டுக் குளியலறையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது, அந்த இடத்தில் பார்க்கிங் எப்படி என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் போனைத் திறந்தார். பார்க்கிங் சடங்கில் சேருமா? சேராது. ஆனால் பார்க்கிங்கைக் காட்டிய புண்ணியவான் கேமராவை அணைக்காமல் அப்படியே உள்ளே நடந்துவிட்டான், அதற்கு மாமா என்ன செய்வார்? அவன் முடித்த இடத்தில் இன்னொருத்தி ஆரம்பித்தாள், அவளுக்குப் பிறகு கியோட்டோவிலிருந்து ஒரு கிழவர் வந்தார், கிழவர் தேநீரைக் கலக்கக் கையைச் சுழற்றிய அழகைப் பார்த்து மாமா அன்றைக்கும் மறுநாள் காலையிலும் பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தம்ளர் தண்ணீரில் விட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பழகினார். சத்தத்தை அணைத்து வைத்துத்தான் பார்த்தார். அந்த அளவுக்கு மனசாட்சி உண்டு.

அந்த நாளும் வந்தது. ஒகாடா அம்மாள், எழுபது வயதிருக்கும், கிமோனோ உடுத்து, தோட்டத்து வாசலில் குனிந்து வணங்கி வரவேற்றார். போன்களைக் கூடையில் போடச் சொன்னார், காலணிகளைக் கழற்றச் சொன்னார். எல்லாம் தெரிந்த மனிதன் ஒன்றும் தெரியாதவனாக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாமா அப்போதுதான் கண்டுகொண்டார்.

"அடடே! செருப்பைக் கழட்டணுமா!" என்று வாயைப் பிளந்தார்.

காமாக்ஷி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கபாலி கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், உள்ளே நுழையச் செருப்பைக் கழற்றுவதற்கு இத்தனை ஆச்சரியப்பட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மாமா அதற்குப் பிறகு ஆச்சரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். தவழ்ந்து நுழைய வேண்டிய குட்டி வாசலுக்கு வெறும் "ஓ" மட்டும் சொன்னார்.

உள்ளே பாய் விரித்த சின்ன அறை. சுவரில் ஒரு எழுத்துச் சித்திரம், அதன் கீழே ஒற்றைப் பூ, மூலையில் அடுப்பின்மேல் வெந்நீர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. முட்டி வலிக்காரர்களுக்குக் குட்டை முக்காலி கொடுத்தார் அந்த அம்மாள். பிறகு ஒரு விதியைச் சொன்னார். இந்த அறையில் முதல் விருந்தாளி என்று ஒருவர் இருப்பார். உபசரிக்கிறவரோடு அவர்தான் பேசுவார், கேள்வி கேட்பார், மற்ற எல்லாருக்காகவும் பதில் சொல்வார். மற்றவர்கள் பேசாமல் இருந்து அனுபவிக்கலாம். இன்றைக்கு முதல் விருந்தாளி, பிறந்தநாள் கொண்டாடும் காமாக்ஷி.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விதி எந்த வீடியோவிலும் வரவில்லை! வந்திருக்கும், சத்தத்தை அணைத்துவிட்டதால் காதில் விழவில்லை.

ஒகாடா அம்மாள் இடுப்பிலிருந்து பட்டுத் துணியை எடுத்து மடித்தார். மாமாவின் நாக்கு நமநமவென்றது. அடுத்தது கரண்டியைத் துடைப்பாள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். சொல்லவில்லை. தட்டில் இனிப்பு வந்தது. தேநீருக்கு முன்பே இனிப்பைத் தின்றுவிட வேண்டும் என்று தெரிந்தும், காமாக்ஷி அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தபோதும், சொல்லவில்லை. அவளே மெல்லிய குரலில் அந்த அம்மாளைக் கேட்டாள், தெரிந்துகொண்டாள், தின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள். மாமா இதைக் கவனிக்கவில்லை. துணியை நாலாக மடித்தாளா எட்டாக மடித்தாளா என்ற ஆராய்ச்சியில் இருந்தார்.

பிறகு ஆளுக்கொரு கிண்ணம், பச்சைப் பொடி, வெந்நீர், மூங்கிலைச் சீவிச் செய்த ஒரு கலக்கி. இப்போது நீங்கள் செய்யுங்கள் என்றார் ஒகாடா அம்மாள்.

மாமா கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கியோட்டோ கிழவரின் முதல் பாடமே அதுதான், கண் நுரையைவிட்டு அகலக் கூடாது. மணிக்கட்டு சுழன்றது. நுரை எழும்பியது. அப்போது பக்கத்தில் ஏதோ சளக் என்று சத்தம் கேட்டது. அதிதி "அம்மா!" என்று கத்தினாள். ஒரு சிரிப்பு வெடித்தது, அது காமாக்ஷியின் சிரிப்பு, ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அவர் அவளிடம் கேட்டே வெகுகாலம் ஆகிவிட்டது. அதோடு இன்னொரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது, முதிர்ந்த குரலில். மாமா நிமிர்ந்தாரா? மௌனம் காக்க வேண்டிய இடத்தில் இந்தப் பெண்கள் இப்படிச் செய்கிறார்களே என்று மனதுக்குள் கடிந்துகொண்டு, இன்னும் பெரிய குமிழிகள் உடையவில்லையே என்று இன்னும் ஆழமாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. காமாக்ஷியின் மூக்கு நுனியில் பச்சையாக ஒரு பொட்டு. ஒகாடா அம்மாளின் கிமோனோக் கையில் இன்னொரு பொட்டு.

அதைப் பற்றி யோசிக்க மாமாவுக்கு நேரமில்லை. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்தார், தலை வணங்கினார், வலப்பக்கமாக இரண்டு முறை திருப்பினார், குடித்தார், கடைசி வாயை சர்ரென்று சத்தமாக உறிஞ்சினார், உதடு பட்ட விளிம்பை விரலால் துடைத்தார். எல்லாம் அப்பழுக்கில்லாமல் முடிந்த பிறகுதான் அறை முழுவதும் தன்னையே பார்ப்பதை உணர்ந்தார். குடிப்பது எப்படி என்று ஒகாடா அம்மாள் இன்னும் சொல்லித்தரவே ஆரம்பிக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாமா வாயை அரும்பாடுபட்டுக் கட்டிவைத்திருந்தார். கை கெடுத்துவிட்டது.

ஒகாடா அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. விதிப்படி முதல் விருந்தாளியின் பக்கம் திரும்பி, உங்கள் கணவர் முறையாகப் பயின்றிருக்கிறார் போலிருக்கிறதே, ஆசிரியர் யார் என்று கேட்டார். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். அவர் பதில் சொல்ல முடியாது, அவருக்காக அவள்தான் சொல்ல வேண்டும்.

"அவரோட டீச்சரை நான் பார்த்ததில்லை" என்றாள் காமாக்ஷி, அழகான ஆங்கிலத்தில், நிதானமாக. "பாத்ரூம்ல வெச்சு சொல்லித்தருவார். கதவைச் சாத்திப்பார். டூத் பிரஷ் சத்தம் மட்டும் வெளியில கேட்கும்."

ஒகாடா அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, இத்தனை அடக்கமான ஆசிரியரை நினைத்து மரியாதையாகத் தலை வணங்கினார்.

திரும்பி வரும்போது காரில், மில்பிடாஸ் ஊரைத் தாண்டியதும் மாமா மெல்லக் கேட்டார், "அப்போ என்னத்துக்கு எல்லாரும் அப்படிச் சிரிச்சேள்?"

"நீங்க பார்க்கலையா?"

"நான் நுரையைப் பார்த்துண்டிருந்தேன்."

"அப்பா, யூ வேர் ரைட் தேர்!" என்றாள் அதிதி. "அம்மா அந்த மூங்கில் விஸ்க்கை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு, மத்து மாதிரி, பட்டர்மில்க் பண்ற மாதிரி, அண்ட் இட் ஜஸ்ட் ஃப்ளூ, அப்புறம் அவங்களும் வாங்கி டிரை பண்ணி..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் மறுபடியும் சிரித்தாள். பின்சீட்டில் காமாக்ஷியும் சிரித்தாள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"சொன்னா வராதுன்னா" என்றாள் காமாக்ஷி. "பார்த்திருக்கணும்."

மறுநாள் விடிவதற்குள் அம்மாவும் பெண்ணும் யோசெமிட்டிக்குப் போய்விட்டார்கள். பூரியும் கிழங்கும் டப்பாவில் எடுத்துக்கொண்டு, அவருக்கும் மேஜைமேல் மூடி வைத்துவிட்டு. மாமாவுக்கு வலித்தது, சொல்லத்தான் வேண்டும். மலை போனதற்காகக்கூட அவ்வளவு வலிக்கவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தவர் அன்று முழுக்க மலையைத் தேடவில்லை. மூக்கில் பச்சைப் பொட்டோடு ஒருத்தி தேநீரை மோர் கடைந்து சிரிக்கும் வீடியோவைத் தேடினார். உலகத்தில் இல்லாத வீடியோ இல்லை என்று நம்பி வாழ்ந்தவர், சாயங்காலம் வரை தேடினார். அது மட்டும் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். மாமா சத்தியம் செய்த இடத்திலேயே, இவர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்லியும் விட்டீர்கள் அல்லவா? உங்களில் சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். முதல் பத்தியைப் படித்ததும், முடிவு எப்படி என்று பார்த்துவிடலாமே என்று நேராக இந்தப் பத்திக்கு இறங்கிவிட்டார்கள். வாருங்கள் மாமா, இப்படி உட்காருங்கள். மேலே கதையில் இன்னும் வெந்நீரே கொதிக்கவில்லை.