ஆஃப்சைடு அண்ணாச்சியும் கறுப்பு வேட்டிக் கவுன்சிலர்களும்

இந்திய அரசியலை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் குற்றாலத்தில், அருவிக்குப் போகும் சாலையில், ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் சாவிக்கொத்தும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நாட்டின் துரதிர்ஷ்டம், அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. வெந்நீர்தான் கேட்டார்கள்.

அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கே ஆஃப்சைடு அண்ணாச்சி. பிடிக்காத எதைக் கண்டாலும் வலது கையை விறைப்பாகத் தலைக்கு மேலே தூக்கி, "ஆஃப்சைடு!" என்று கத்துவார். எண்ணெய் சொட்டச் சொட்ட உள்ளே வருகிறவர்களுக்கும் அதே தீர்ப்பு, டி.வி.யில் பேசும் மந்திரிக்கும் அதே தீர்ப்பு. எண்ணெய்க்காரர்களாவது நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்குத் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து லாட்ஜ்களில் மாத வாடகைக்கு அறை சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே அண்ணாச்சி, "நம்ம கிளப்ல கோச்ச வெளிய அனுப்பிட்டானுவ, பாத்தியளா சார்?" என்று கண் கலங்கினார். தென்காசியில் ஏதோ மனமகிழ் மன்றம் போலிருக்கிறது என்று நினைத்து, "பாவம், நல்ல மனுஷன்" என்றேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது கால்பந்துக் கிளப், இருப்பது இங்கிலாந்தில். அண்ணாச்சி மேற்கே போன அதிகபட்ச தூரம் கோட்டயம்.

நம்ம கிளப் கோப்பை என்று ஒன்றைக் கண்ணால் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. கிளப் தோற்றால் மறுநாள் லாட்ஜில் வெந்நீர் வராது. கேட்டால், "மோட்டார் கோளாறு" என்பார். கிளப் ஓயாமல் தோற்றதால் அங்கே தங்கியவர்கள் எல்லோரும் அருவியிலேயே குளித்து நல்ல ஆரோக்கியத்துடன் ஊர் திரும்பினார்கள்.

காலையில் கிளப் செய்தியையும் நாட்டுச் செய்தியையும் சேர்த்தே வாசிப்பார். எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது நம் சாமர்த்தியம்.

"கூட்டணிக் கட்சின்னா என்ன சார்? லோன்ல வந்த பிளேயரு. இந்த வருசம் நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு ஓடுவான். அடுத்த வருசம் நமக்கே கோல் அடிப்பான். அடிச்சிட்டு, 'பழச மறக்கல'ன்னு கையெடுத்து ஒரு கும்பிடு வேற."

"சரி அண்ணாச்சி, ஆளுநர்?"

"அது வீடியோ ரெஃபரி. இவனுவ கோல் போட்டு, கட்டிப்பிடிச்சு, மால மரியாதயெல்லாம் முடிச்சிருப்பானுவ. அப்பதான், 'இருங்க, பாத்துச் சொல்லுதேன்'ம்பாரு. எப்பச் சொல்லுவீயன்னு மட்டும் கேக்கப்பிடாது."

கட்சி தாவுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கேலி போய் நிஜமாகவே கோபம் வந்துவிடும். "அங்க ஆளு மாறணும்னா வருசத்துல ரெண்டு தடவதான் ஜன்னலத் தொறப்பான். இங்கன ஜன்னலா இருக்கு? வீட்டுக்குச் செவரே கெடையாது. ஒரு டீம்ல படுக்கான், வேற டீம்ல எந்திரிக்கான். டெல்லிலயும் இதே கததான் சார். என்ன, ரிசார்ட்டு கொஞ்சம் பெருசு."

இப்படிப்பட்டவருக்கும் மனதில் ஒரு குறை இருந்தது. செங்கோட்டை, புனலூர்ப் பையன்கள் நம்ம கிளப்புக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிற படம் போடுவார்கள். அண்ணாச்சியும் போடுவார்: அவரும், பின்னால் சாவி மாட்டும் பலகையும். "அண்ணாச்சி, குற்றாலத்துல வேற ஆளே இல்லியா? ரெண்டு கொரங்கையாவது பக்கத்துல உக்கார வைங்க" என்று பையன்கள் எழுதுவார்கள். அதை என்னிடம் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் மார்கழி முடியும் நேரத்தில் ஒன்றியத் தலைவர் தேர்தல் வந்தது. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஒன்றியம் என்பது வேண்டாம்; எல்லா ஒன்றியத்திலும் நடப்பதுதான். லாட்ஜ் முதலாளியே ஒரு பக்கத்து வேட்பாளர். இரண்டு பக்கமும் சம பலம். இப்படிப்பட்ட நேரத்தில் தன் பக்கத்துக் கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒளித்து வைப்பதுதானே ஜனநாயகம்? பெண் கவுன்சிலர்களைத் தன் மாமியார் வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு, ஆண்களைத் தன் லாட்ஜுக்கே கொண்டு வந்தார் முதலாளி.

குற்றாலம் முழுக்க அப்போது சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கறுப்பு வேட்டிக் கூட்டம். முதலாளிக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. கவுன்சிலர்கள் அத்தனை பேருக்கும் கறுப்பு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, சாமிகளாக்கிவிட்டார். முதல் நாள் மத்தியானமே ஒரு சாமி, சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி உண்டா என்று விசாரித்தார். இன்னொரு சாமி மொட்டை மாடியில் சிகரெட்டும் கையுமாகப் பிடிபட்டார். நிஜச் சாமிகள் பயந்துபோய் அறையை மாற்றிக்கொண்டார்கள்.

கவுன்சிலர்களின் கைப்பேசிகளை முதலாளியின் மச்சான் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எதிர்ப்பக்கத்தார் மேலகரம் முதல் ராயகிரி வரை சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். "ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்பிடாது" என்று மச்சான் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி வாயைத் திறக்க மாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கிளப்புக்கு ஆட்டம். கைப்பேசி இல்லாமல் பொழுது போகாத கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி விதிகளை விளக்க ஆரம்பித்தார். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் தொடாமலே ஓர் ஆட்டக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது, மூத்த கவுன்சிலர் ஒருவர், "நம்மாளுதான்லே இவன்! என்னமா நடிக்கான்!" என்று கைதட்டினார். அரை மணி நேரத்தில் ரெஃபரியைத் திட்டும் அளவுக்கு எல்லோரும் தேறிவிட்டார்கள். அண்ணாச்சி தன் பெட்டியைத் திறந்து, கிளப் பெயர் போட்ட துண்டு, சட்டை, தொப்பி என்று இத்தனை வருஷமாகச் சேர்த்ததையெல்லாம் வந்தவர்களுக்கு மாட்டிவிட்டார்.

தோற்றுக்கொண்டிருந்த கிளப், கடைசி நிமிஷத்தில் கோல் போட்டுச் சமன் செய்தது. கறுப்பு வேட்டிகள் துள்ளின. ஒருவர் நாற்காலியோடு விழுந்தார். நடுவில் அண்ணாச்சி கைப்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

படம் நேராகக் குழுவுக்குப் போய்விட்டது. கீழே ஒரு வரி: "ஏலே, குற்றாலத்துல நான் தனியாளுன்னு எவம்லே சொன்னது?"

வாய் திறக்காத மனிதர்தான். படம் போடுவதும் பேசுவதும் ஒன்று என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. குழுவில் இருந்த செங்கோட்டைப் பையன் ஒருவனின் சித்தப்பா எதிர்ப்பக்கத்து ஆள்.

மறுநாள் காலை இட்லி வேகும் முன்பே கார்கள் வந்து நின்றன. கவுன்சிலர்களை யாரும் பலவந்தப்படுத்தவில்லை. கார் ஏ.சி. என்று தெரிந்ததும் சிலர் அவர்களாகவே ஏறிக்கொண்டார்கள். இரண்டு பேர் அண்ணாச்சியின் துண்டோடு போனார்கள். தேர்தலில் முதலாளி தோற்றார்.

"ஒன்ன யாருலே போட்டா எடுக்கச் சொன்னா?" என்று முதலாளி வரவேற்பறையே அதிரக் கத்தினார்.

"சமன் கோலு மொதலாளி. கடைசி நிமிசம்" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அது போதுமான விளக்கம்.

"சாவிய வச்சிட்டுக் கெளம்புலே!"

அண்ணாச்சி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். அவர் மகள் அப்போது கோட்டயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த லாட்ஜ் சம்பளத்தில்தான் படிப்பு நடந்தது. "செவப்பு அட்ட காட்டியாச்சுன்னா வெளிய போயிரணும் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூடப் போனேன்.

அங்கே, கீழப்பாவூர் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் ஜெயித்த பக்கத்தார் வந்தார்கள். கையில் சால்வை. புதுத் தலைவர் வாயெல்லாம் பல்லாக, "அண்ணாச்சி, எல்லாம் ஒங்களாலதான்! நம்ம பக்கத்து ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. பழைய குற்றாலத்துல நம்ம லாட்ஜு இருக்கு. இன்னைக்கே மேனேஜரா வந்துருங்க. அங்க வாங்குனத விடக் கூடத் தாரேன்" என்றார்.

ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் அவர் முழங்கையை இடித்தேன். மகள் படிப்பை நினையுங்கள் என்று காதில் முணுமுணுத்தேன்.

அண்ணாச்சி சால்வையைத் தொடவில்லை. "தலைவரே, நான் என் பக்கத்துலயே கோலடிச்ச ஆளு. தெரியாம அடிச்சது. அதுக்கு நீங்க என்னத் தோள்ல தூக்கிட்டுப் போனியன்னா, நான் தெரிஞ்சே அடிச்சதா ஆயிரும். எம்மவகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பழைய முதலாளி இதைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்து திரும்பக் கூப்பிட்டிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு முதலாளிகளைத் தெரியாது. அடுத்த தேர்தலுக்குள் அவரே கட்சி மாறி, புதுத் தலைவர் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி இப்போது கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் குறைவு. மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "எக்ஸ்ட்ரா டைம் சார்" என்றார்.

எனக்கு இன்றுவரை கால்பந்து புரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் நம்ம கிளப் என்ன ஆனது என்று பார்த்துவிடுகிறேன். ஜெயித்திருந்தால் அவருக்கு நான் தேவைப்பட மாட்டேன். தோற்றிருந்தால் உடனே போன் செய்துவிடுவேன். கடவுள் புண்ணியத்தில் அநேகமாக எல்லா வாரமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.