இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மரியாதை செய்தது குறித்து

திருக்கோகர்ணம்,
புதன்கிழமை, முற்பகல்.

பேராசிரியர் முனைவர் பிரகதீஸ்வரி அம்மையார் அவர்களுக்கு, தங்கள் ஆய்வு மாணவி சிவரஞ்சனியின் மாமனாரும், ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியருமான ஆத்மநாதன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் கடிதம்.

இங்கு நானும் என் மனைவி பொற்கொடியும் சுகம். குவைத்தில் என் மகன் உதயசூரியனும் சுகம். தங்களுக்கு இரத்த அழுத்தம் உண்டு என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். ஆகையால் மாத்திரை போட்டுக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விடையை முதல் வரியிலேயே எழுதிவிட்டு விளக்கத்தைப் பிறகு எழுதுங்கள் என்று முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். எனவே விடை இதுதான்: ஆய்வேட்டில் நடந்த அத்தனை குளறுபடிக்கும் நானே பொறுப்பு. சிவரஞ்சனிக்கு இதில் பங்கில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து வாரச் சந்தைகளைப் பற்றி எழுதுவதற்காக ஆறு வருடம் வெயிலில் அலைந்த பெண் அவள். கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் அவளைப் பார்த்தால் இடம் ஒதுக்கி உட்காரச் சொல்கிறார்கள். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கள் கையெழுத்து விழாவிட்டால் ஆறு வருடமும் வீண். அந்தக் கையெழுத்தை நிறுத்தி வைத்திருப்பது அவளுடைய தவறு அல்ல, என்னுடைய மரியாதை.

இனி விளக்கம். போன மாதம் அவள் என்னிடம் வந்து, "மாமா, தமிழ்ப் புஸ்தகத்துக்கெல்லாம் வருசமும் ஊரும் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க" என்று கேட்டாள். அவள் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் வீடு வரவே ஏழு மணி ஆகிவிடும். எனக்கோ ஓய்வு பெற்ற நாளிலிருந்து எந்நேரமும் நேரம். மேற்கோள்களை நிர்வகிக்கும் அந்த இணைய மென்பொருளின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது என்னவென்று தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் விளக்கிப் பழகிய வாய். எடுத்துக்காட்டாக, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. பெயர், பிறந்த தேதி, ஊர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதுபோல ஒரு நூலுக்கு ஒரு பதிவு. கட்டுரையில் தேவையான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால், அந்த ஆசிரியரின் பெயரும் வருடமும் அடைப்புக்குறிக்குள் தானே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கடைசியில் நூற்பட்டியலும் தானே அகர வரிசையில் நிற்கிறது. என் பள்ளியில் காலை வணக்கத்துக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

வருடத்தையும் ஊரையும் மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் பெயருக்கு அங்கே இரண்டு கட்டங்கள் இருந்தன, முதற்பெயர் என்று ஒன்று, கடைசிப்பெயர் என்று ஒன்று. சிவரஞ்சனி எல்லாருடைய முழுப்பெயரையும் கடைசிப்பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். நம் ஊரில் மனிதனுக்கு இருப்பது ஒரே பெயர். இருப்பது ஒன்றென்றால் அதுதானே முதல்? பிள்ளை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டது என்று நினைத்து அத்தனை பெயர்களையும் முதற்கட்டத்துக்கு மாற்றினேன். இப்போது கடைசிக் கட்டம் காலியாகிவிட்டது. காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போகிற தலைமையாசிரியரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதோடு இன்னொரு உறுத்தலும் இருந்தது. என் அப்பா வயதுப் பெரியவர்களையெல்லாம் வெறும் பெயரால் அழைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையில் அப்படி அச்சடித்தால் பந்தியில் ஒருவர் உட்காரமாட்டார். ஆகவே காலியாக இருந்த கட்டத்தில், ஒவ்வொருவருக்கும், "திரு" என்று போட்டேன்.

பெண்களுக்குத் திருமதி போட்டேன். மறைந்தவர்களுக்கு அமரர். உப்பு வணிகம் பற்றி எழுதிய ஓர் அம்மையாருக்குத் திருமதியா செல்வியா என்று தெரியவில்லை. தப்பாகப் போட்டால் அவர் மனம் நோகுமே என்று பதிப்பகத்துக்குப் போன் செய்து, "அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று விசாரித்தேன். "ஏன் சார், வரன் பாக்குறீங்களா? அவங்களுக்கு எழுவத்தோரு வயசு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஒன்பது நாள் வேலை. பொற்கொடி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு ஒரு தடவ மரியாதையாப் பேசியிருக்கீங்களா? மூஞ்சி தெரியாத இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு நடக்குது இங்க ராஜ உபசாரம்" என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

சிவரஞ்சனி என்னை நம்பி, மேற்கோள்களைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, கல்லூரிக்குப் போகிற வழியிலேயே அச்செடுத்துத் தங்களிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கருவி கடைசிப்பெயரைத்தான் அடைப்புக்குறிக்குள் போடும் என்பதை, தங்கள் சிவப்பு மையைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். "யார் இந்தத் திரு? அறுபத்தாறு வருடமாக மீன், உப்பு, மாடு, வெற்றிலை என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். இவர் மனைவி திருமதியும் சளைத்தவரல்ல. அமரர் என்பவர் யார், இன்னும் எழுதுகிறாரா?" என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் நியாயமான கேள்விகள்.

பிள்ளை என்னைத் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம நான் சரி பண்ணிக்கிறேன் மாமா. நீங்க மட்டும் எதையும் தொட்டுறாதீங்க" என்றாள். அதோடு இருந்திருக்கலாம். கெடுத்தவன் சரிசெய்வதுதானே முறை என்று தோன்றியது. சனிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போனதும் ஆய்வேட்டைத் திறந்தேன். தேடி மாற்றுகிற வசதி ஒன்று அதில் இருக்கிறது. "திரு" என்பதைத் தேடு, அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதே, எல்லா இடத்திலும் செய் என்று கட்டளையிட்டேன். முந்நூறு இடம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆயிரத்து நானூறு இடங்களில் மாற்றியாயிற்று என்றது. சுறுசுறுப்பான கருவி என்று பாராட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

அம்மா, நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்களுக்குத் திரு இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. திருமயம் மயமாகிவிட்டது. என் வீட்டு முகவரியே க்கோகர்ணம் ஆகிவிட்டது. சந்தையில் ட்டுப் பயம் அதிகம் என்றும், வாங்கிய கடனை வியாபாரிகள் ஒழுங்காக ப்பிக் கொடுக்கிறார்கள் என்றும் ஒரு பத்தி நிற்கிறது. "ஆய்வாளர் ச்சியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு மயம் அடைந்து, அரிமளம் சென்றார்" என்ற வரியில் ச்சியை மட்டும் வட்டமிட்டு, "ஆய்வேட்டில் அருவருப்பை வெளிப்படுத்தக் கூடாது" என்று எழுதியிருந்தீர்கள். அரிமளம் ஒன்றுதான் சேதமின்றித் தப்பியது. இதற்கு மேல் ஒரு கொடுமை: ஞாயிற்றுக்கிழமை சிவரஞ்சனி பட்டியலைத் தேடி எடுத்துச் சரிசெய்யத் தொடங்குவதற்கு முன், வழக்கம்போலப் புதுப்பிக்கும் பொத்தான் ஒருமுறை அழுத்தப்பட்டது. அழுத்தியவன் நான். சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான். மென்பொருளின் பதிவுகளில் பழைய திரு அப்படியே இருந்ததால், போக வேண்டிய திருக்கள் அத்தனையும் வந்து உட்கார்ந்துகொண்டன. இருக்க வேண்டியவை போனது போனதுதான். அவள் உட்கார்ந்து நூற்பட்டியலை மட்டும் சரி செய்தாள், உள்ளே ஊர்கள் தலையிழந்து கிடப்பது தெரியாமல். திங்கட்கிழமை அந்தப் படி தங்கள் மேசைக்கு வந்தது. "இது உங்கள் எழுத்துதானா? நேரில் வந்து விளக்கவும்" என்று தாங்கள் எழுதியதில் தப்பே இல்லை.

இன்று காலை அவள் தங்களைப் பார்க்கக் கிளம்பினாள். "நானும் வாரேன்த்தா, உண்மையச் சொல்லிடுறேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஐயோ மாமா, நீங்க அங்கிட்டு வரவே கூடாது" என்றாள். மாமனாரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத பிள்ளை. அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். ஒன்பது நாள் அவளுடைய பதிவுகளைத் திருத்தியவன் நான். இரண்டாம் இயலில் சில வாக்கியங்களை அழகுபடுத்தியவனும் நான். கேட்டால் எங்கும் வந்து, எத்தனை பக்கத்துக்கும் எழுதிக் கையெழுத்திடத் தயார். தண்டிக்க வேண்டுமானால் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

தாங்களும் தங்கள் மாணவர்களும் நோயின்றி, பிழையின்றி, மாமனார்களின் உதவியின்றி நீடூழி வாழ்க.

தங்கள் உண்மையுள்ள,
ஆத்மநாதன்

பிற்குறிப்பு (உறையின் பின்பக்கம்): அம்மா, இந்த உறையைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். தபால் அலுவலகத்தில் விரைவு அஞ்சலுக்கு ரசீது வாங்கிய கையோடு சிவரஞ்சனி போன் செய்தாள். "மாமா, மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க! ஊர்ப் பேரெல்லாம் முழுசா இருக்கிற பழைய காப்பி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதக் குடுத்தேன். திருவெல்லாம் நாந்தான் மரியாதைக்குப் போட்டேன்னு சொன்னேன், சிரிச்சுட்டாங்க." நான் எங்கே நிற்கிறேன், தங்களுக்கு என்ன எழுதி அனுப்பியிருக்கிறேன் என்பதைச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "மாமா, மொதப் பக்கத்துல என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா? இதுல உள்ள வேல பூரா என்னோடது, வேற ஒருத்தரும் கை வைக்கலன்னு. நீங்க என்னடான்னா நாலு பக்கத்துக்குச் சாட்சி எழுதி அனுப்புறீங்க!" உறையைத் திருப்பிக் கேட்டேன். கவுண்டரில் இருக்கும் அருள்தாஸ் தம்பி, "புக் ஆயிருச்சு சார், பின்னாடி வேணும்னா ஏதாச்சும் எழுதிக்கங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன்: உள்ளே உள்ளது எதுவும் நடக்கவில்லை. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இரண்டாம் இயலை நான் பார்த்ததே இல்லை. அருள்தாஸ் இதைப் படித்துவிட்டு, "சார், கதை பூராத்தையும் வெளியில எழுதிப்புட்டு, உள்ள பிரிக்காதீங்கன்னா எப்புடி?" என்கிறார். அதுவும் சரிதான். எனவே, அம்மா, வெளியே எழுதியிருப்பதையும் படிக்க வேண்டாம்.