குமரேசன் மிதிக்க வேண்டிய பெட்டி

காதலைச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் கவிதை எழுதுவார்கள். எனக்குக் கவிதை வராது, சால்டரிங் மட்டும்தான் வரும். அதனால் கிடார் பெடல் செய்தேன்.

பெடல் என்பது கிடார் வாசிப்பவர் காலால் அழுத்தும் சின்ன அலுமினியப் பெட்டி. அழுத்தினால் கிடாரின் குரல் கரகரக்கும். செஞ்சியில் நைனாவின், அதாவது என் அப்பாவின், மிக்ஸி ரிப்பேர் கடையில் உட்கார்ந்தபடி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊரில் இந்தப் பெட்டி தேவைப்பட்ட ஒரே ஆள் சிங்கவரத்துக் குமரேசன். (வாடிக்கையாளரை முதலில் பிடித்துவிட்டுத்தான் தொழிலையே ஆரம்பித்தேன்.) ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பான், ஒயர் அறுந்தால் கடைக்கு வருவான். ஒயர் அறுந்து தொலையட்டும் என்று அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்குப் பெங்களூரில் ஒரு மியூசிக் பேண்டில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு பஸ். அதற்குள் என் மனசு அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பெட்டியின் மேல் என்ன பொறிப்பது? காலால் மிதிக்கிற சாமான். சாமி படம் கூடாது, வீணை கூடாது. அவன் பெயரிலேயே முருகன் இருக்கிறான், அதுவும் கூடாது. மிதித்தால் யாருக்கும் பாவம் சேராதது நான் ஒருத்திதான் என்று முடிவு செய்து, 'வளர்மதி' என்று என் பெயரையே எழுதினேன். தினமும் அவன் பாதம் படட்டும் என்று. (அன்றைக்கு இருந்த அந்த வளர்மதி இப்போது கையில் கிடைத்தால் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன்.)

நெயில் பாலிஷால் எழுதி, சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் போட வேண்டும். பாலிஷ் பூசிய இடம் தப்பிக்கும், மற்ற இடம் அரித்துப் பள்ளமாகும். பிளாஸ்டிக் டப்பாவில் செய்ய வேண்டிய வேலை. நானோ அம்மா வேர்க்கடலை அவிக்கும் குண்டானை எடுத்தேன். அதுவும் அலுமினியம். எதைத் தின்ன வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்தத் திரவத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பொங்கியது, புகைந்தது. பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். பாதி வழியில் குண்டானின் அடி பிய்ந்து, பழுப்புத் தண்ணீர் நடை முழுக்கக் கொட்டியது. பெட்டியை வெறுங்கையால் பொறுக்கிக் குழாயடியில் கழுவினேன்.

"இன்னாடி பண்ண? மல்லாட்ட அவிக்கிற குண்டான்டி அது" என்றாள் அம்மா.

"அக்கா பெட்டிய அவிச்சிருக்குதும்மா. வெந்துடுச்சான்னு அமுக்கிப் பாரு" என்றான் தம்பி.

சூட்டில் நெயில் பாலிஷ் உரிந்து, என் பெயர் இருந்த தடமே இல்லை. மேடும் பள்ளமும் சொறியும்தான் மிச்சம். அழக்கூட நேரமில்லை. உள்ளே சர்க்யூட்டை மாட்டி, மூடியை முடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

குமரேசன் தன் அம்மாவோடு நின்றிருந்தான். பெட்டியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நம்ம கோட்டை மலை ராஜகிரிதான இது? பாறை பாறையா அப்படியே கொண்டாந்துட்ட மதி."

அது மலை இல்லை, நான். ஆனாலும் "ஆமா" என்றேன்.

"இதுல எப்படி கால வெக்கிறது? மலை மேல அம்மன் இருக்குது. ஸ்டூல் மேல வெச்சி கையாலயே அமுக்கிக்கிறேன்."

பெயரும் போச்சு, பாதமும் போச்சு.

அப்போது அவன் அம்மா என் கையைப் பிடித்தார். மருமகளே என்று கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். மணிக்கட்டு வரை ஃபெரிக் குளோரைடின் மஞ்சள் கறை.

"இன்னாம்மா இது, காமால கண்டிருக்குதே. கீழாநெல்லி அரைச்சி மோர்ல குடி. குமரேசா, நீ தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். அப்படியே பஸ்ஸும் ஏறிப் போய்விட்டான். குண்டான் போன கோபத்தில் அம்மா மூன்று நாள் எனக்கு அந்தக் கசப்பை விடாமல் புகட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காதலுக்குக் காமாலை என்றுதான் பெயர். சித்தப்பா மகன் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டபோதுகூட நைனா, "அவனுக்கும் காமால முத்திடுச்சு" என்றுதான் சொன்னார்.

குமரேசன் எப்போதாவது வீடியோ போடுகிறான். பாட்டின் நடுவே ஸ்டூல் பக்கம் குனிந்து, பெட்டியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துகிறான். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன். ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? நாலாவது முறை அதே கரகரப்பு கேட்டதும் தம்பி உள்ளேயிருந்து, "அம்மா, அக்காவுக்கு மறுபடியும் காமால" என்று குரல் கொடுப்பான். அம்மா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.