மஞ்சள் பூசிய தொண்டை

2024 மார்ச் 12. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீர் குடித்தேன், சவரம் செய்தேன், டைரியில் தேதி போட்டேன், காபிக்குப் பிறகு கன்னத்தில் கொஞ்சம் புகையிலை அடக்கித் துப்பினேன். அன்று வழக்கத்தில் இல்லாத ஒரு வேலையும் செய்தேன். கண்ணாடி முன் நின்று, பஞ்சுக் குச்சியால் என் தொண்டைக்கு மஞ்சள் பூசினேன்.

வலது டான்சில் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை. பல் டாக்டர் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "தேனியில தொண்டை டாக்டர்ட்ட காட்டிருங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார். கடைசி வார்த்தையில் என் தூக்கம் போயிற்று. புற்றுநோய் என்ற சொல்லை டைரியில்கூட எழுதவில்லை. டாக்டர் கண்ணில் படாவிட்டால் அது இல்லை என்றாகிவிடும் என்று என் மூளை முடிவு செய்தது. (பட்டம் வாங்கிய மூளை.)

என் தொழில் ஏலக்காய்க்குத் தரம் பார்ப்பது. மலையிலிருந்து போடிக்கு வரும் மூட்டையில் ஒரு கை அள்ளிப் பார்த்து மொத்தத்துக்கும் தரம் சொல்வேன். சாயம் போட்ட காய் என்று சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் தேய்ப்பேன். சொறி விழுந்த தோலில்தான் சாயம் திட்டாக நிற்கும். அப்படி எத்தனையோ பேரைப் பிடித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

தேனியில் தொண்டை டாக்டர் விளக்கைப் போட்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் என் மனைவி வசந்தா, அவள் தம்பி குமரேசன்.

"என்ன சார், இங்க மட்டும் மஞ்சளா இருக்கு?"

வழியில் குடித்த டீ மற்ற இடத்தையெல்லாம் கழுவியிருந்தது. சொரசொரப்பான அந்தத் திட்டு மட்டும் பளிச்சென்று நின்றது.

வாயைத் திறந்தபடியே, "இயற்கை" என்றேன்.

டாக்டர் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார். துணியை எல்லோரும் பார்த்தோம்.

"பொங்கலுக்கு அரைச்ச மஞ்சள்ங்க டாக்டர்" என்றாள் வசந்தா. "டப்பா எப்படிக் கொறஞ்சுச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

"மச்சான், சாயம் போட்ட காயி வந்தா என்ன செய்வீங்க?" என்றான் குமரேசன்.

"பேசாம இரு மாப்ளே."

"லோடத் திருப்பி அனுப்புவீங்க. ஒங்கள எங்க அனுப்ப?"

டாக்டர் சிரிக்கவில்லை. "புகையிலை உண்டா?"

"எப்பயாச்சும்."

"எப்பயாச்சும்தான் இல்லாம இருப்பாரு" என்றாள் வசந்தா.

"கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

"ஒரு துளிய வச்சு மொத்தத்தையும் எப்படி டாக்டர் சொல்ல முடியும்?" என்று நான் கேட்டேன். குமரேசனுக்கு இருமல் வந்துவிட்டது.

ரிசல்ட் வரும்வரை வசந்தா என்னைக் கேலி செய்யவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் ஆகக்கூடும் என்றார் டாக்டர். திட்டை டான்சிலோடு சேர்த்து எடுத்தார்கள். புகையிலையை விட்டேன். சில மாதங்களுக்கு ஒருமுறை தொண்டையைக் காட்ட வேண்டும். திரும்பும் பஸ்சில் வசந்தா என் தோளில் சாய்ந்து அழுதாள். போடியில் இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே மஞ்சள் என் பொறுப்பு" என்றாள்.

அன்றிலிருந்து செக்கப்புக்கு முந்தின நாள் மஞ்சள் டப்பா பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டப்படும். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாம்பார் வெளுத்திருக்கும். அதைச் சாப்பிடுவதற்கென்றே குமரேசன் சிலமலையிலிருந்து வருகிறான்.

நேற்றும் காட்டிவிட்டு வந்தோம். "சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

இன்று காலை முதல் வேலையாக வசந்தா பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி அளவு பார்த்தாள். அதன் பிறகுதான் எனக்குக் காபி.