கதவுப் பட்டைக்கு எண்ணெய்க் காப்பு

பழைய காரின் வயதை மறைக்க நினைப்பவர்கள் முதலில் அதன் கறுப்பு பிளாஸ்டிக்கைக் கவனிக்க வேண்டும். பெயிண்டுக்கு மெழுகு போட்டு மினுக்கிவிடலாம், சீட்டுக்குப் புது உறை மாட்டிவிடலாம். ஆனால் பம்பரும் கதவில் நீளமாக ஓடும் பட்டையும் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்து நின்றால், ஓட்டுகிறவனின் சம்பளம் வரைக்கும் ஊருக்குத் தெரிந்துவிடும். என் வெள்ளைக் கார் என்னிடம் வந்தபோது அப்படித்தான் இருந்தது.

நான் கார் வாங்கியதே ஒரு ரோஷத்தில். நான் காரிமங்கலத்தில் கணக்கு வாத்தியார். தங்கை கவிதாவைப் பாலக்கோடு பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாளில் அண்ணன் சீர் கொண்டுபோக வாடகை வண்டி எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் மினி டெம்போவில் பித்தளை அண்டா, பட்டுப்புடவை, என் மனைவி காயத்ரி, நான் என்று எல்லாம் ஏறிப் போய் இறங்கினோம். அண்டாவின் அடியில் தக்காளி விதை ஒட்டியிருந்தது. (என் சட்டை முதுகிலும் ஒட்டியிருந்ததைக் காயத்ரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னாள்.) கவிதாவின் மாமனார் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றிருந்தார். பந்தலுக்கே கேட்கும்படி கேட்டார்:

"தம்பி, இது சீர் வண்டிங்களா, லோடு வண்டிங்களா?"

பந்தல் சிரித்தது. மறுநாள் கவிதா போனில் அழுதாள். "உன்னை ஒண்ணும் சொல்லலண்ணா. ஆனா இந்த வூட்ல நான் வாய் தொறந்து ஒரு வார்த்தை பேச முடியல. எது சொன்னாலும் தக்காளி வண்டின்னு சிரிக்கறாங்க." தங்கை அழுதால் எனக்குத் தாங்காது. அந்த வருஷமே கார் வந்துவிட்டது.

அடுத்து அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் நான்தான் அன்றைக்குக் கதாநாயகன். காரில் போய், கதவைத் திறந்து, மாமனாரின் கண் முன்னால் இறங்க வேண்டும். கவிதா தலை நிமிர வேண்டும். குறுக்கே நின்றது அந்தச் சாம்பல் பூத்த பிளாஸ்டிக் மட்டும்தான்.

அதைக் கறுப்பாக்க வழி தேடி போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. வண்டி ஷாம்பு போட்டுக் கழுவு, மென்மையான பிரஷ்ஷால் அழுக்கை எடு, நன்றாகக் காயவிடு, அதற்கென்று விற்கிற கிரீமை மெல்லிசாகப் பூசு, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடு. அந்தக் கிரீம் தருமபுரியில் கிடைக்கும். ஆனால் கணக்கு வாத்தியார் மூளை அவ்வளவு சுலபமாக நேர்வழியில் போகாது. அதற்குச் சொந்தமாக ஒரு தேற்றம் வேண்டும்.

எனக்கு அரசமரத்துப் பிள்ளையார் ஞாபகம் வந்தார். வெயிலில் வெளுத்துப்போன கருங்கல் பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பு செய்ததும் கருகருவென்று எப்படி மின்னுகிறார்! கல்லுக்குப் பலித்தது பிளாஸ்டிக்குக்குப் பலிக்காதா? (இந்த இடத்தில் என்னை யாராவது கட்டிப் போட்டிருக்கலாம்.) செக்கில் ஆட்டிய கடலெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதலில் பாத்திரம் தேய்க்கிற நாரும் சோப்பும் போட்டு பம்பரைத் தேய்த்தேன். பிறகு எண்ணெயைக் குளிரக் குளிரப் பூசினேன். பட்டை கறுத்தது. அன்றைக்கு நான் கண்ட சந்தோஷத்தை எந்த மாணவனும் பரீட்சைத் தாளில் எனக்குத் தந்ததில்லை.

விடிந்து பார்த்தால் பிளாஸ்டிக் பாதி எண்ணெயைக் குடித்துவிட்டுத் திட்டுத் திட்டாக நின்றது. அன்றுதான் விசேஷம். பள்ளிக்கூடத்து ஷூவுக்குப் போடும் கறுப்பு பாலிஷ் டப்பா அலமாரியில் இருந்தது. எண்ணெயின் மேலேயே அதை அப்பினேன். பம்பர், கண்ணாடி மூடி, நான்கு கதவின் பட்டை என்று ஒன்றையும் விடவில்லை. கார் ஷோரூமிலிருந்து நேராக வந்த மாதிரி ஆகிவிட்டது.

காயத்ரி வந்து ஒரு விரலால் பட்டையைத் தொட்டாள். விரல் கறுப்பாக வந்தது. "ஒட்டுதுங்க. ஒரு துணி எடுத்துத் தொடைச்சு விடுங்க."

"தொடைச்சா பளபளப்பு போயிடும். பிள்ளையாருக்கு எண்ணெய் பூசிட்டு யாராச்சும் தொடைப்பாங்களா?"

"பிள்ளையார் மேல யாரும் சாய மாட்டாங்க."

எவ்வளவு நல்ல வாக்கியம்! அதற்கு நான் "நேரமாச்சு, தட்டை எடு" என்று பதில் சொன்னேன்.

காதுகுத்து அவர்கள் குலதெய்வக் கோயிலில். பொட்டல் காட்டில் கோயில், பக்கத்தில் ஒரே ஒரு புளியமரம். அந்த நிழலில் காரை நிறுத்தினேன். பங்காளிகள் கூட்டம் சுற்றி வந்தது. "கவிதா அண்ணன் கார்லயா வந்துருக்காரு?" "புதுசா?" என்று காதில் விழுந்தது. கவிதா மருமகளாக இல்லாமல் மகாராணியாக நடந்து வந்தாள். பின்னாலேயே அவள் மாமனாரும் வந்தார். காரை மேலும் கீழும் பார்த்தார்.

"செகண்ட் ஹேண்டுதானே தம்பி? என்னத்த மினுக்குனாலும் பழசு பழசுதான். நானெல்லாம் காரப் பாத்து மயங்கற ஆளில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கவிதாவின் முகம் சுருங்கியது. எனக்குப் பொங்கல் பானையில் போய் விழலாம் போலிருந்தது.

நானும் காயத்ரியும் சீர்த்தட்டுகளைக் கோயிலுக்குள் அடுக்கப் போனோம். யாழினிக்கு மொட்டை போட்டு, குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறியது. அந்த நேரம் முழுக்க விருந்தாளிகளுக்கு இருந்தது ஒரே நிழல். அந்த நிழலில் சாய்ந்துகொள்ள இருந்ததும் ஒரே ஒரு பொருள்.

தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லாரும் சாமியைப் பார்த்துக் கைகூப்பி வரிசையாக நின்றார்கள். நான் கடைசித் தட்டோடு பின்னால் வந்து நின்றேன். முன்னால் பார்த்தால், அத்தனை பேர் பின்பக்கத்திலும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. சத்தியமாகச் சொல்கிறேன், பங்காளிகள் எல்லாரும் ஒரே கடையில் துணி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உயரமானவர்களுக்குத் தொடையில், குள்ளமானவர்களுக்கு அதற்குக் கொஞ்சம் மேலே, பிள்ளைகளுக்கு முதுகில் கோடு. கவிதாவின் மாமியாருடைய மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் அது புது பார்டர் மாதிரியே இருந்தது. 

கவிதா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்த திசையைப் பார்த்தாள். மெதுவாக என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, வண்டிக்கு என்னத்தண்ணா தடவுன?"

"கடலெண்ணெய்."

"வெறும் கடலெண்ணெயா?"

"மேல கொஞ்சம் ஷூ பாலிஷ்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "போச்சுண்ணா. இதுக்குத் தக்காளி டெம்போவே தேவலாம்" என்றாள். என் தங்கையின் மானத்தைக் காப்பாற்றக் கார் வாங்கி, அவள் புகுந்த வீட்டு மொத்தப் பேருக்கும் கறுப்பு அடித்துவிட்டேன். மடியில் யாழினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காது குத்தும்போது அவள் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். தாய்மாமனுக்கு எவ்வளவு பாசம் பார் என்று யாரோ சொன்னார்கள்.

பந்திக்கு இலை போடும்போதுதான் குட்டு உடைந்தது. மாமியார் புடவையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, யாரு என் பட்டுல கரி பூசுனது?" என்று கத்தினார். ஒவ்வொருவராகத் தங்கள் முதுகைத் தாங்களே பார்க்க முயன்று வட்டமாகச் சுற்றினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் வண்டிங்க அத்தை. பட்டைக்குப் பாலிஷ் போட்டேன். தொடைக்காம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

 மாமனார் எழுந்து பந்தலின் நடுவுக்கு வந்தார். இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், பழசு பழசுதான்னு. அதனாலதான் நான் அது பக்கமே போகல" என்று சொல்லி, கூட்டத்தின் மறுபாதிக்கும் கேட்கட்டும் என்று அந்தப் பக்கம் திரும்பினார்.

அவருடைய வெள்ளை வேட்டியில் எல்லாரையும்விடக் கெட்டியாக, அகலமாக ஒரு கோடு. மற்றவர்கள் சாய்ந்ததுதான். இவர் நன்றாக அழுத்தி, நெடுநேரம் சாய்ந்திருக்கிறார்.

முதலில் அவர் மனைவிதான் வாய் திறந்தார். "ஏங்க, பக்கத்துலயே போகலன்னீங்க?"

"என்ன இப்ப?"

"பின்னாடி பாருங்க."

அவரும் ஒரு வட்டம் சுற்றினார். "இது, அடுப்பாண்ட உக்காந்தனே, அங்க பட்டிருக்கும்" என்றார். அந்த நேரத்தில் போட்டோக்காரர், பாவம், நல்ல எண்ணத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அய்யா, நீங்க கார்ல சாஞ்சு தனியா எடுக்கச் சொன்னீங்களே, ரொம்ப நல்லா வந்துருக்குதுங்க!"

திரையில் மாமனார். கூலிங்கிளாஸ், ஒரு கை இடுப்பில், ஒரு கால் மடக்கி, முழு உடம்பையும் என் கதவில் சாய்த்துச் சொந்தக் கார் மாதிரி நிற்கிறார். கேமரா கை மாறிப் பந்தலைச் சுற்றியது. சிரிப்பும் கூடவே சுற்றியது. எனக்குச் சிரிக்கப் பயம். கவிதா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். அமுக்கியும் தாங்காமல் சத்தமாகவே சிரித்துவிட்டாள். புகுந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மாமனார் அவளைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். தாடை நடுங்கியது. அதற்குமேல் அவராலும் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆனது ஆயிப்போச்சு, இனிமே கெடறதுக்கு என்ன கீது? வாங்க எல்லாரும்" என்று மொத்தக் குடும்பத்தையும் புளியமரத்தடிக்கு இழுத்துப் போய்க் காரில் சாய்த்து நிறுத்தினார். கவிதாவைத் தன் பக்கத்தில் நிற்க வைத்தார். "தம்பி, வண்டி நல்ல வண்டிதான். பாலிஷ்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அந்தக் கறை எந்தச் சலவைக்கும் போகவில்லை. இப்போது நான் கிரீம்தான் பூசுகிறேன், துணியில் துளிக்கூட ஒட்டாத வரை துடைக்கிறேன். ஆனாலும் அந்த ஊரில் ஒருவர்கூட விரலால் தொட்டுப் பார்க்காமல் என் காரில் சாய்வதில்லை.

மாமனாருக்கு மட்டும் பழைய குணம் போகவில்லை. எதையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார். போன வாரம்கூட கவிதா வைத்த மீன் குழம்பை மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டே, "சுமாரா கீதும்மா" என்றார். கவிதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க, எழுந்து திரும்பி நில்லுங்க மாமா, பாக்கலாம்."