மாட்டுப் பேர் வைத்த கப்பல்கள்

கோயமுத்தூரில் கடல் இல்லையே என்று கடவுளிடமே சண்டைக்குப் போகக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸில் நாங்கள் ‘அட்மிரல்’ என்று பட்டப்பேர் வைத்திருந்த ஆள்தான். அன்னூர்க்காரர். உக்கடம் குளத்தைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடற்படைக்காக நாங்கள் செய்த கம்ப்யூட்டர் மாடலில் பாதி அவர் எழுதியது. புயலோ போர் அபாயமோ வந்தால் எந்தக் கப்பலை எங்கே அனுப்புவது என்று அது சொல்ல வேண்டும்.

மனுஷன் படுத்திய பாடு கொஞ்சமா? திரையில் ஓடும் கப்பல்களுக்குத் தன் தோட்டத்து மாடுகளின் பேரை வைத்தார். மயிலை, காரி, செவலை. எண்ணெய் தீர்ந்தால், ‘செவலைக்கு எண்ணெய் தீந்துபோச்சுங்க’ என்று சிவப்பு எழுத்தில் வரும். கப்பல் முழுகினாலும் மரியாதையாகத்தான் முழுகும். மாற்றச் சொன்னால் என்னையே முறைப்பார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டெமோ அன்று செய்ததை எப்படிப் பொறுப்பது? இந்த வேலை கைவிட்டுப் போனால் எங்கள் டீமையே கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். டீம் லீடர் நான். எதிரே கடற்படை அதிகாரிகள் இரண்டு பேர். தூரத்துத் தீவில் புயல், கப்பல் அனுப்பு என்று தட்டினேன். முந்தின நாள் வரை பறந்து போன கப்பல்களில் ஒன்றுகூட நகரவில்லை. ‘போக முடியாதுங்க’ என்றது திரை.

எனக்கு உயிரே போய்விட்டது. அட்மிரல் நிதானமாக எழுந்தார்.

“நாந்தாங்க மாத்திப்போட்டேன். போறதுக்கு மட்டும் எண்ணெய் பார்த்தா ஆச்சுங்களா? திரும்பி வாரதுக்கு வேண்டாமுங்களா?”

எங்கள் பக்கம் கிளம்புகிறவன் ‘போறேன்’ என்றால் விடமாட்டார்கள். ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். அந்த வீட்டு வழக்கத்தைக் கடற்படையிடமா கொண்டுபோய் நீட்டுவது?

மூத்த அதிகாரி சிரிக்கவில்லை. நடுக்கடலில் எண்ணெய் ஊற்றும் கப்பலையும் சேர்த்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பக் காட்டச் சொன்னார். காட்டினோம், டீம் பிழைத்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். “சொன்னா உட்டிருப்பீங்களாங்க?” என்றார். விட்டிருக்க மாட்டேன்தான். இருந்தாலும் அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம், கடற்படையில் சேர்ந்த என் மகன் முதல்முறையாகக் கப்பல் ஏறினான். என்ன கப்பல், எந்த நாடு என்று ஊரே விசாரித்தது. ரிட்டயராகி அன்னூரில் மாடு மேய்க்கிற அட்மிரல் மட்டும் போனில், “கண்ணு எப்பங்க திரும்பி வாரான்?” என்று கேட்டார்.

இந்த ஆளை நான் எப்படித் திட்டுவது, சொல்லுங்கள்.