பக்கத்து வீட்டு ஹாப்வெல்

திரையில் ஒரு கஞ்சன் வந்தால் தன் மைத்துனரையும், ஒரு புளுகன் வந்தால் தன் பழைய மேலாளரையும், ஓர் அசடு வந்தால் பெயரோடும் வீட்டிலக்கத்தோடும் பக்கத்து வீட்டுக்காரரையும் கண்டுபிடித்துவிடுகிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. நகைச்சுவைத் தொடரைச் சிரிப்பதற்காகப் பார்ப்பவர்கள் அல்லர் இவர்கள். அடையாள அணிவகுப்புக்கு வந்த சாட்சி மாதிரிப் பார்ப்பவர்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று தொடையில் ஓர் அறை விழும். "இவன் அவனேதான்!" குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஆயிரம் தொடர் பார்த்தாலும் இவர்களுக்கு அகப்படாத ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி, மொன்ட்ரியாலை ஒட்டிய எங்கள் இல்-பிசார் தீவில் இருக்கிறார். பெயர் உருத்திரமூர்த்தி. விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடங்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, மயிரிழை வெடிப்புகளைக் கண்டுபிடித்தவர். போன வருடம் ஓய்வு பெற்றார். கண் ஓய்வு பெறவில்லை. அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே? பக்கத்து வீட்டில் ஹென்றி இருந்தார்.

ஹென்றி மன்னார்க்காரர், வீடுகளுக்குத் தரைப்பலகை பதிக்கிற தொழில். இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருந்து, ஒரே வருடத்தில் இந்தத் தீவுக்கு வீடு வாங்கி வந்தவை. பத்தொன்பது வருடங்களாகப் பின்வளவுகளுக்கு நடுவில் வேலி கிடையாது. புல் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரே பாயாகப் போகும். ஆனால் உருத்திரமூர்த்தி தன் எல்லை வரை மட்டுமே புல் வெட்டுவார். எல்லை எது என்று நிலஅளவைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டு வெட்டுவார்.

ஓய்வு பெற்ற முதல் இலையுதிர்காலத்தில் அவருக்கு அந்தப் பழைய பிரித்தானியத் தொடர் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மறுஒளிபரப்பாகிறது. லண்டனுக்கு வெளியே ஒழுங்கான ஒரு தெரு, ஒழுங்கான வீடுகள், அவற்றில் ஒன்றில் மிஸ்டர் ஹாப்வெல் என்றொரு மனிதர். அவர் ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கித் தெருவைக் கண்காணிப்பார். அயலவன் மரம் எவ்வளவு உயரம் என்று நாடா பிடித்து அளப்பார். தொலைபேசி மணி அடித்தால் தொண்டையைக் கனைத்து, அரண்மனையில் பிறந்தவர் போல ஒரு குரலை எடுத்துப் போட்டுக்கொள்வார். மூன்றாவது வாரம் உருத்திரமூர்த்தியின் தொடையில் அறை விழுந்தது.

"சிவாஜினி! இஞ்சை ஓடி வாரும். இது எங்கட ஹென்றி!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஆதாரங்கள் அடுக்கினார். குளிர்காலத்தில் காருக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரத்தை, அதுதான் தெம்போ, ஏப்ரலில் கழற்ற வேண்டும் என்பது நகரசபை விதி. ஹென்றி மே மாதம் வரை வைத்திருக்கிறார். எந்த வருடம் எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் நாள் தவறாமல் ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருந்தது. எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. ஹென்றி நாலு பேர் நிற்கும்போது கைபேசியில் "வுய், வுய், பார்ஃபே" என்று உரத்துப் பிரெஞ்சு பேசுவாராம். உருத்திரமூர்த்தியோ வீட்டுத் தொலைபேசியை எடுத்து, "யெஸ், ஸ்பீக்கிங்" என்று மெதுவாகத்தான் ஆங்கிலம் பேசுவார். தெரு முனை வரைக்கும் கேட்டால் போதும் என்கிற அளவுக்கு. ஹென்றி நான்கு அடுப்பு வைத்த பார்பிகியூ வாங்கியது பகட்டு. அடுத்த கிழமை இவர் ஆறு அடுப்பு வைத்தது வாங்கியது தேவை. வித்தியாசம் தெரிகிறதா உங்களுக்கு?

(இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். எதிர் வீடு எங்களுடையது. மேல்மாடி ஜன்னல் நல்ல வாய்ப்பான ஜன்னல்.)

அதன்பின் ஹென்றிக்கு ஊரெல்லாம் புதுப் பெயர். கோயில் மண்டபத்தில், தமிழ்க் கடையில், கல்யாணப் பந்தியில், "எங்கட ஹாப்வெல் இந்தக் கிழமை என்ன செய்தவர் தெரியுமோ?" என்றுதான் தொடங்குவார். சிவாஜினிக்கு இது பிடிக்கவில்லை.

"உந்தப் பகிடியை விடுங்கோ. நல்ல சனம் அதுகள்."

"நல்ல சனம்தான். ஆனா தாங்கள் ஆரெண்டு தெரியாத சனம். ஒருக்கா அந்தாள் தன்னைத் தானே பாக்க வேணும். பாத்தாத் திருந்திடுவார்."

திருத்தும் திருநாள் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று குறிக்கப்பட்டது. ஹென்றியும் மனைவி யோசெப்பினும் மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டார்கள். யோசெப்பின் மாசி மாதப் பனியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டு, அப்போதுதான் பொல்லூன்றி நடக்கப் பழகியிருந்தார். கணவாய்ப் பிரட்டலும் புட்டும் முடிந்ததும், உருத்திரமூர்த்தி அவர்களை நிலவறைக்கு இறக்கி, தேர்ந்தெடுத்துப் பதிந்து வைத்திருந்த காட்சியைப் போட்டார். ஹாப்வெல் புல்லில் முழந்தாளிட்டு, நூல் கட்டி, எல்லையை அளந்துகொண்டிருந்தார்.

ஹென்றி சிரித்தார். சிரித்து, இருமி, கண்ணீர் துடைத்து, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். உருத்திரமூர்த்தி ஒரு சத்திர சிகிச்சை நிபுணரின் பொறுமையோடு காத்திருந்தார்.

"எப்பிடி, ஹென்றி? ஆரையேன் நினைவு வருதோ?"

"மூர்த்தி அண்ணை, நீங்கள் கோவிக்கக் கூடாது." ஹென்றிக்கு மூச்சு வாங்கியது. "இதை நாங்கள் ரெண்டு வருசமாப் பாக்கிறம். அச்சொட்டா நீங்கள்தான். யோசெப்பின்தான் முதல் கண்டுபிடிச்சவ. வீட்டிலை உங்களுக்கு அந்தப் பேர்தான். அன்பாத்தான், அண்ணை. நீங்களே கூப்பிட்டுப் போட்டுக் காட்டுறியள் எண்டால், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

யோசெப்பின் தலையைக் குனிந்துகொண்டார். சிவாஜினி, தேநீர் ஊற்றுகிற சாட்டில், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

மறுநாள் காலை உருத்திரமூர்த்தி ஒரு தோட்டக்காரரை அழைத்து, உயிர்வேலிக்காக இருபத்திரண்டு சீடர் மரங்களுக்குச் சொல்லிவைத்தார். இரண்டு பின்வளவுகளுக்கும் நடுவில், இந்த மூலை தொடக்கம் அந்த மூலை வரை, இடைவெளியின்றி. அன்று மாலை ஹென்றி மன்னிப்புக் கேட்க வந்து மூன்று தரம் மணி அடித்தார். கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு விலகி மூடியது.

இரண்டு கிழமைக்குப் பின், ஒரு சனிக்கிழமை காலை மரங்கள் வந்து இறங்கின. தோட்டக்காரர் நரைத்த மீசை வைத்த கெபெக் பிரெஞ்சுக்காரர், அவசரமில்லாத மனிதர். ஒரு முனையிலிருந்து குழி தோண்டி நட்டுக்கொண்டு வந்தவர், நடுவில் வந்ததும் நின்றார். எல்லைக் கோட்டின் மேல் ஒரு மடக்குக் கதிரை. கதிரையில் சிவாஜினி.

"பொன்ஜூர், மதாம்," என்றார் தோட்டக்காரர்.

"பொன்ஜூர்," என்றார் சிவாஜினி. எழுந்திருக்கவில்லை.

உருத்திரமூர்த்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். "என்ன செய்யிறீர்? எழும்பும்! அவருக்கு வேலை கிடக்கு."

"நடட்டும். என்னைச் சுத்தி நடச் சொல்லுங்கோ."

"விசரே? சனம் பாத்துச் சிரிக்கப் போகுது!"

"சிரிக்கட்டும். உங்களைப் பாத்து ரெண்டு வருசமாச் சிரிக்கினம். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" சிவாஜினி காலடிப் புல்லைக் காட்டினார். "மாசியிலை யோசெப்பின் பின்வாசல்லை விழுந்து கிடந்து கத்தேக்கை இதாலைதான் ஓடினனான். செருப்புக்கூடப் போடேல்லை. ரோட்டாலை சுத்தி ஓடியிருந்தா அவ விறைச்சுப் போயிருப்பா. நாளைக்கு நான் விழுந்து கத்தினா, அவ பொல்லோடை இந்த மரத்துக்கு மேலாலை ஏறி வாறதோ?"

உருத்திரமூர்த்தி கதவுப் பக்கம் திரும்பினார். உள்ளே போய்விட்டார்.

தோட்டக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், மூன்று மரங்களுக்கான இடத்தை விட்டு மறுபக்கத்தில் குழி தோண்டத் தொடங்கினார். தமிழ் தெரியாவிட்டாலும் கல்யாணம் முடித்தவர் போலிருக்கிறது. அதற்குள் யோசெப்பின் பொல்லை ஊன்றி மெல்ல மெல்ல வந்து, சிவாஜினியின் பக்கத்தில் நின்றார். பின்னால் ஹென்றி, என்ன செய்வதென்று தெரியாமல். யோசெப்பினுக்கு நிற்கக் கால் நடுங்கியது. ஆனால் போகவும் மனமில்லை.

பின்கதவு திறந்தது. உருத்திரமூர்த்தி இன்னொரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை விரித்து, ஆடுகிறதா என்று கையால் அமத்திப் பார்த்து, யோசெப்பினுக்குப் பின்னால் வைத்தார்.

"அண்ணை..." என்றார் ஹென்றி.

"கதிரை அவவுக்கு. உமக்கில்லை."

ஆனால் அதைச் சொன்னபின் அவர் உள்ளே போகவில்லை. ஹென்றியும் போகவில்லை. நடாமல் மிஞ்சிய மூன்று மரங்களை என்ன செய்யலாம் என்று தோட்டக்காரர் கேட்க, இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில் சொல்லி, அது பற்றி வாக்குவாதப்பட்டு, அப்படியே சமாதானமாகிவிட்டார்கள்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹென்றி அந்த இடைவெளியால் வந்து, உருத்திரமூர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்தார். திரையில் திருமதி ஹாப்வெல் வந்து, கணவனுடைய அளவு நாடாவைப் பறித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். தொடையில் அறை விழுந்தது.

"சிவாஜினி! இது அச்சொட்டா நீர்தான்!"

"இல்லை அண்ணை," என்றார் ஹென்றி, குரலைத் தாழ்த்தி. "உது யோசெப்பின்."

இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் கண் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மைத்துனரோ, கூட வேலை செய்பவரோ, மேல்மாடியில் குடியிருப்பவரோ. கட்டாயம் அவருக்கு இதை அனுப்ப வேண்டும் என்று மூன்றாவது பந்தியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பைத் திறந்ததும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் இதை உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கக்கூடும்.